மாரி முடிந்ததும் கிரவுண்டைப் பூட்டுங்கள்

மைதானக் குழுவினருக்கும் பிரதேச சபை ஐயாமாருக்கும் வணக்கம்.

இந்த வருசமும் நம்ம கிரவுண்டுக்கு வந்த காசில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, மேடைக்கு மாபிள் ஒட்டியாயிற்று, பெயர்க்கல்லும் வைத்தாயிற்று. சரி, பிள்ளைகள் ஓடுவது கேட்டிலா, மேடையிலா? கோல் கம்பத்துக்கு முன்னால் மாரியில் கணுக்கால் மூடத் தண்ணீர் நிற்கிறது, கோடையில் கச்சான் காற்று தொடங்கினால் அதே இடத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நம்ம படுவான்கரையில் வயலை நிரப்பி எடுத்த கிரவுண்ட், களி மண் அப்படித்தான். அந்தப் பள்ளத்தில் கிரவலைக் கொட்டி மூடினீர்களே, பந்துக்குப் பாய்ந்த பிள்ளைகளின் முழங்காலை ஒரு தடவை வந்து பாருங்கள்.

நான் துபாயில் கோல்ப் மைதானத்தில் புல் வேலை பார்த்தவன். பணக்காரர் விளையாட்டு நமக்கு எதற்கு என்று சிரிக்க வேண்டாம், அங்கே வளர்ப்பதும் அறுகு இனம்தான். கோடையில் வெயிலுக்குப் பயந்து ஆட வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், அறுகுக்கோ அந்த வெயில்தான் வேண்டும். ஆள் வராத காலமும் புல் ஓடும் காலமும் ஒன்றாக அமைகிற அந்த மாதங்களில்தான் பெரிய வேலை எல்லாம் நடக்கும். 18 குழிக்குமான ஆடும் பரப்பில் 9 குழிக்குரிய பக்கத்தை மூடிவிட்டு மற்ற 9 இல் ஆட விடுவார்கள். மூடிய பக்கத்தில் மெசினை ஓட்டித் தரை முழுக்கத் துளை போட்டு, விரல் பருமனில் மண்ணைப் பிடுங்கி வெளியே எடுத்து, மேலே மணலைத் தூவி அந்தத் துளைகளுக்குள் இழுத்துவிடுவார்கள். முதல் வாரம் அம்மை வந்த முகம் மாதிரித்தான் இருக்கும். அப்புறம் இறுகிக் கிடந்த மண்ணுக்குள் காற்றுப் போகும், தண்ணீர் இறங்கும், வேரும் பின்னாலேயே இறங்கும்.

நமக்கு அந்தக் காலம் மாரிக்குப் பிறகுதான். மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே வெயிலும் வந்துவிடுகிற மாசி, பங்குனியில் தண்ணீர் பெரிதாக ஊற்றாமலே அறுகு ஓடும். அந்த நேரம் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? ஈரம் காயுமுன் உழவு இயந்திரத்தை உள்ளே விடுகிறோம், கார்னிவலுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம், சுற்றுப்போட்டியை அறிவிக்கிறோம். ஈரக் களியில் ஒரு சில்லு ஏறினால் மண் கல்லாக இறுகிவிடும். (மாடுகளைப் பற்றி நான் எழுதவில்லை, சொந்தக்காரருக்குள் சண்டை வரும்.)

அந்த நேரம் மாணவர் இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி இருக்கிறதே என்று பள்ளிக்கூடத்தார் கேட்பார்கள். நியாயம்தான். அதனால் முழுவதும் மூட வேண்டாம், ஒரு வருசம் ஒரு பாதி, அடுத்த வருசம் மற்றப் பாதி, ஆறு வாரம் போதும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுக்குத் திறந்துவிடலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 100 மீற்றர் நீளம், 64 மீற்றர் அகலம் என்று வைத்தால் பாதி மைதானம் 3,200 சதுர மீற்றர். 5 மில்லிமீற்றர் கனத்தில் தூவ 16 கன மீற்றர் மணல், அதாவது 6 கியூப்புக்கும் (ஒரு கியூப் 100 கன அடி) குறைவு. ஆற்று மணலாக இருக்கட்டும், கடல் மணலில் உப்பு. துளை போடாமல் மணலை மட்டும் கொட்டிவிட்டுப் போகவும் வேண்டாம், களிக்கு மேலே அது தனிப் படையாகக் கிடக்கும், தண்ணீர் நடுவில் மாட்டிக்கொள்ளும். துளை மெசினுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, வெல்டிங் கடையில் வாய் கூரான இரும்புக் குழாய்த் துண்டுகளை உருளையில் பதித்துத் தந்தால் பத்துப் பொடியன்கள் இழுப்பார்கள். களி லேசாக உலர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்னால் வடிகால். கிழக்குப் பக்க வாய்க்கால் மண்மேடாகிக் கிடக்கிறது, அதைப் புரட்டாதிக்குள் வெட்டாவிட்டால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், காசு வீண். வெட்டுவதற்குக் கழகப் பொடியன்கள் சிரமதானத்துக்கு வரத் தயார், நானும் வருவேன், சபை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றும் மண் ஏற்ற ஒரு வண்டியும் ஒரு நாளைக்குத் தந்தால் போதும்.

அடுத்த வருசப் பாதீட்டில் பெயிண்டுக்குப் போடும் தொகையில் பாதியை மணலுக்கு மாற்றுங்கள். ஆறு வாரம் பூட்ட வேண்டும் என்றேன் அல்லவா, அந்த கேட் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று முதலில் யாராவது சொல்லுங்கள்.