'மட்டுமே' என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சட்டம் படித்தவர்களுக்கு உள்ள வேலைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வக்கீல், நீதிபதி, கம்பெனிச் சட்ட ஆலோசகர் என்று ஒவ்வொன்றையும் விரிவாகச் சொன்னது. அரசமைப்புச் சட்டமும் பாலினமும் சார்ந்த ஆய்வைப் பற்றி மட்டும் "சமூக ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏற்ற துறை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆர்வம் வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு எல்.எல்.எம். (சட்ட முதுகலைப் படிப்பு) சேருகிற பிள்ளைகள் பாதியிலேயே சோர்ந்துபோகிறார்கள். இது தீர்ப்புகளை வரி வரியாகப் படிக்கிற வேலை என்று முன்கூட்டியே யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று காட்ட லோதிகா சர்க்காரின் வாழ்க்கைப் பணியைவிட நல்ல சான்று இந்தியாவில் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்து 1951-இல் முனைவர் பட்டம் பெற்றவர். டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத் துறையின் முதல் பெண் ஆசிரியர். 1971-இல் மத்திய அரசு அமைத்த பெண்கள் நிலை பற்றிய குழுவில் உறுப்பினர். அந்தக் குழு 1974 டிசம்பரில் அறிக்கை கொடுத்தபோது, சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு இடஒதுக்கீடு தேவையில்லை என்றது பெரும்பான்மை. அதை ஏற்காமல் மாற்றுக் குறிப்பு எழுதியவர்களில் லோதிகா சர்க்காரும் வீணா மஜும்தாரும் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்கான 106-ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது 2023-இல்.

அவருடைய பெயரை நாடறியச் செய்தது 1979 செப்டம்பர் 16 தேதியிட்ட ஒரு கடிதம். உபேந்திர பக்ஷி, வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என நான்கு சட்ட ஆசிரியர்கள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் அது. துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கின் தீர்ப்பு வந்து ஓராண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. (இந்த வழக்கைப் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரால் குறிப்பிடுவதுதான் இன்றுவரை வழக்கம். அத்தகைய பெயர்களை வெளியிடக் கூடாது என்ற பிரிவே இந்த வழக்கின் விளைவாக வந்த ஒன்று. ஆகவே மேல்முறையீடு செய்தவரின் பெயரே போதும்.) காவல் நிலையத்துக்குள் பதினாறு வயதைத் தாண்டாத ஒரு பழங்குடிப் பெண் வன்புணர்வு செய்யப்பட்டதாக வழக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே சம்மதம் இருந்திருக்கிறது என்பது அதன் வாதம்.

நால்வரும் செய்தது என்ன என்பதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கண்டனக் கூட்டத்து மொழியில் அவர்கள் எழுதவில்லை. மூன்று நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பயந்து பணிவது வேறு, சம்மதிப்பது வேறு என்று உயர் நீதிமன்றம் பிரித்துக் காட்டிய இடத்தைச் சுட்டினார்கள். அந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் எந்த இடத்தில் கைவிட்டது என்று காட்டினார்கள். நடந்த இடம் காவல் நிலையம், அந்தப் பெண்ணின் வயது, அவளுடைய ஏழ்மை ஆகியவை தீர்ப்பில் எடைபோடப்படவே இல்லை என்றார்கள். சில பக்கங்கள்தான். 1980 மார்ச்சில் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. சாட்சியச் சட்டத்தில் 114ஏ சேர்ந்தது: காவலில் இருக்கும்போது உடலுறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஆனால் துக்காராம் வழக்கில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இது குற்றவியல் சட்டம் சார்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் பக்கம் வந்தால், கூறு 15(1)-இல் உள்ள 'மட்டுமே' என்ற ஒரு சொல்லைத் தொடர்ந்து போனாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்து அரசு யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்கிறது அந்தக் கூறு. 1951-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மகாதேவ் ஜியு வழக்கு வந்தது. போதிய அசையாச் சொத்து இல்லாத பெண் பணத்துக்காக வழக்குப் போட்டால் செலவுத் தொகைக்குப் பிணை கேட்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அதே நிலையில் உள்ள ஆணுக்கு அந்த விதி இல்லை. பெண் என்பதால் மட்டும் பிணை கேட்கவில்லை, சொத்து இல்லாததும் சேர்ந்த காரணம், எனவே விதி செல்லும் என்றது நீதிமன்றம். பாலோடு இன்னொரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டால் கூறு 15 தடுக்காது என்ற வாசிப்பு அப்படித்தான் நிலைபெற்றது.

1981-இல் ஏர் இந்தியா எதிர் நர்கேஷ் மீர்சா வழக்கு. விமானப் பணிப்பெண் 35 வயதிலோ, வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தாலோ, முதல் கருவுற்றாலோ வேலையை விட வேண்டும். விமானத்தில் அவரோடு வேலை பார்க்கும் ஆணுக்கு 58 வரை வேலை. கர்ப்ப விதியைத் தன்னிச்சையானது என்று, சமத்துவம் பற்றிய கூறு 14-இன் கீழ், நீதிமன்றம் அடித்தது. நான்காண்டுத் திருமணத் தடை நியாயமானது என்று விட்டுவைத்தது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உதவும் என்றுகூடச் சொன்னது. 2018-இல் நவ்தேஜ் வழக்கில் (ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை எதிர்த்த வழக்கு) நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பில்தான், பால் மட்டுமே காரணமாக இருந்தால்தான் கூறு 15 தடுக்கும் என்ற இந்த வாசிப்பு வெளிப்படையாக மறுக்கப்பட்டது. பெண் இப்படித்தான் இருப்பாள் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிற வேறுபாடும் பால் காரணமான வேறுபாடுதான் என்றார் அவர். இடையில் 67 ஆண்டு. அத்தனை ஆண்டுகளும் அந்த ஒரு சொல்லை விடாமல் பிடித்துக் கட்டுரை எழுதியவர்கள் சட்ட ஆசிரியர்கள்தாம்.

மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். தீர்ப்புக்கு முன்னால் பதிப்பாளர் போட்டிருக்கும் தலைக்குறிப்பைப் படித்துவிட்டுத் தீர்ப்பையே படித்ததாக எண்ணுகிறார்கள். நர்கேஷ் மீர்சாவின் தலைக்குறிப்பைப் பார்த்தால் பெண்கள் ஜெயித்த வழக்கு போலத் தோன்றும். ஜோசப் ஷைன் வழக்கில் ஐந்து நீதிபதிகள், நான்கு தனித் தீர்ப்புகள். திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய பிரிவு 497 செல்லாது என்பதில் ஐவரும் ஒன்றுதான். எந்தக் காரணத்தால் செல்லாது என்பதில் ஒவ்வொருவரும் வைக்கிற அழுத்தம் வேறு. முதல் வாசிப்பில் வழக்கு கீழிருந்து மேலே வந்த வரலாறு, இரண்டாவதில் ஒவ்வொரு நீதிபதியும் அரசமைப்பின் எந்தக் கூறின் மேல் நிற்கிறார் என்பது, மூன்றாவதில் அவர் எதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோகிறார் என்பது. இப்படி மூன்று முறை படிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023-இலிருந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கும் தரவுத்தளம் இல்லை என்பது இனி சாக்கல்ல.

இன்னொரு குறை, ஆய்வு நீதிமன்றத்துக்குள்ளேயே முடங்கிவிடுவது. தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை 1989-இலேயே வந்துவிட்டது, 25.3.1989-க்கு முன் திருமணமானவர்கள் நீங்கலாக. மத்திய அரசு அதைச் செய்தது 2005-இல். இதைச் சட்டப் புத்தகத்தில் படித்துவிட்டு மகள்கள் பங்கு பெற்றுவிட்டார்கள் என்று எழுதக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், ஒரே கிராமத்துச் சர்வே எண்கள் சிலவற்றுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் எத்தனை, அவற்றில் கைமாறிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். சமத்துவம் எந்த இடத்தில் நின்றுபோனது என்பது அங்கேதான் தெரியும்.

படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டு அல்லது பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, பிறகு ஓராண்டோ இரண்டாண்டோ எல்.எல்.எம். அதில் 55 விழுக்காடு (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) இருந்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் சட்டப் பாடம் எழுதலாம். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு. பெண் ஆய்வாளர்களுக்கு மேலும் இரண்டாண்டுச் சலுகையும், பிரசவம், குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் உள்ளன. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக யாரும் கொடுப்பதில்லை. முழுநேர ஆசிரியரானால் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. தொழில் செய்யும் வக்கீல் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். நீதிமன்றமா வகுப்பறையா என்று முடிவெடுக்கும் முன் இந்த விதியை அறிந்திருப்பது நல்லது.

இத்துறைக்கு வர நினைக்கிற மாணவர்கள் விண்ணப்பம் போடும் முன் நர்கேஷ் மீர்சா தீர்ப்பை, தலைக்குறிப்பை விட்டுவிட்டு, முழுதாக ஒருமுறை படிக்கட்டும். நீதிமன்றம் பணிப்பெண்களையும் ஆண் பணியாளர்களையும் எந்தெந்த அடிப்படையில் தனி வகுப்புகள் என்று பிரிக்கிறது என ஒரு தாளில் எழுதட்டும். அந்த வேறுபாடுகளை உண்டாக்கியதே நிறுவனத்தின் விதிகள்தானே என்ற கேள்வி தானாகவே அவர்களுக்கு எழுந்தால், எல்.எல்.எம். வகுப்பில் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.