மீனைக் கொண்டுபோனவர்கள் முடிவையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும்

மனிதரால் மாறிவரும் நீரில் மீன்கள் என்னவாகின்றன என்பதை நாடு கடந்து கூட்டாக ஆராயும் அறிவியலாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கடலூர் முதுநகரில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். என் அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்றவர். அண்ணன் உப்பனாற்றில் வீச்சுவலை போட்டவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், இரண்டு நாடுகளைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று ஆற்றோரம் வந்து ஒரு வாரம் தங்கியது. அண்ணன் பிடித்துக் கொடுத்த மடவைகளை அவர்கள் அளந்து, எடைபோட்டு, தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுத்தார்கள். அரிசி அளவே இருந்த அந்த வெள்ளைக் கல்லை என் உள்ளங்கையில் வைத்த இளம் ஆய்வாளர் ஒருவர், மரத்தைப் போலவே இதிலும் வளையங்கள் உண்டு என்றும், மீனின் வயதும் அது வாழ்ந்த நீரின் சுவடும் இதில் பதிந்திருக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். அதை நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரிந்ததும் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "அந்த மடவைக்கு என்ன கோளாறுன்னு ஏதாவது எழுதினாங்களாம்மா?" என்று அண்ணன் ஆண்டுக்கணக்கில் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரியாமலேயே அவர் காலமாகிவிட்டார்.

இதைக் கூட்டு ஆய்வே வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. கூட்டாகச் செய்தால்தான் இந்த வேலை நடக்கும் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் வெவ்வேறு நாடுகளின் கப்பல்கள் ஒரே வகை வலையால் மிதவை உயிரிகளைச் சேகரித்தன. அவற்றைப் பிரித்து ஆராயும் பணி நம் கொச்சியில் அமைந்த மையத்தில் நடந்தது. வலை ஒன்றாக இருந்ததால்தான் ஒரு கடற்பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட முடிந்தது. பிறர் மீண்டும் சோதித்துப் பார்ப்பதன் அருமைக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. கரியமில வாயு கலந்து அமிலத்தன்மை கூடிய நீரில் கோமாளி மீன் குஞ்சுகள் மோப்பத் திறனில் தடுமாறுகின்றன என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் வேறொரு குழு மூன்று ஆண்டுகளில் ஆறு வகைப் பவளப்பாறை மீன்களில் 900-க்கும் மேற்பட்டவற்றைச் சோதித்து, அத்தகைய பெரிய பாதிப்பு எதுவும் தென்படவில்லை என்று 2020-இல் அறிவித்தது.

ஆனால் குளிர்நாட்டு மீனிடம் கண்டதை எங்கள் மடவைக்கும் கொடுவாவுக்கும் அப்படியே பொருத்த முடியாது. வெப்ப மண்டல மீன்களில் பல, தாங்கக்கூடிய வெப்பத்தின் மேல் எல்லையை ஒட்டியே ஏற்கெனவே வாழ்கின்றன. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி (ஆக்சிஜன்) கரையும்; 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். நீர் சூடேற ஏற மீனின் உடலுக்கோ உயிர்வளி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதோடு சாக்கடையும் கலந்தால், கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் உப்பனாறு ஊரையும் தொழிற்பேட்டையையும் ஒட்டி ஓடிவருவது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே மீனின் செவுளில் வந்து கூடுகின்ற இடம் அது.

அந்தக் குழு காலை பத்து மணிக்குக் கருவியை ஆற்றில் இறக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் ஆற்றுக்குப் போவது விடியற்காலை நான்கு மணிக்கு. கத்திரி வெயில் நாட்களில் அந்த நேரத்தில் மடவைகள் கூட்டமாக மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடும் என்றும், கால் தண்ணீரில் பட்டால்கூட விலகி ஓடாது என்றும் அவர் சொல்வார். பாசியும் நீர்த்தாவரங்களும் இரவு முழுவதும் உயிர்வளியை உருவாக்காமல் சுவாசிக்க மட்டுமே செய்வதால், விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் அது மிகக் குறைந்திருக்கும். வெயில் ஏறிய பின் அளந்தால் கணக்கில் ஆறு நலமாகத்தான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அண்ணன் தவறாமல் பார்த்த ஒன்று, விலையுயர்ந்த கருவியின் கண்ணுக்குத் தப்பியது. தை மாதத்து ஒரு வாரத்தில், கத்திரியில் மீன் மூச்சுத் திணறுவதையோ, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் ஆறு உப்பிழந்து நிறம் மாறுவதையோ யாராலும் காண முடியாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்றில், கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கைப் பெண்மை இயக்குநீரை (ஹார்மோனை) 2001 முதல் 2003 வரை மிக நுண்ணிய அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடல் பெண்மைச் சாயல் கொண்டது. சிறு மீன் இனம் ஒன்று அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றேபோனது. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் கழிந்த பிறகே அது மீண்டது. கலப்பதற்கு முன்பும் பின்பும் அதே ஏரியை விடாமல் கவனித்தவர்கள் இருந்ததால்தான் வீழ்ச்சியும் மீட்சியும் உலகுக்குத் தெரிந்தன. எங்கள் கழிமுகத்துக்கும் அத்தகைய தொடர்ச்சியான கண்கள் வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. இடமும் ஆட்களும் அருகிலேயே இருக்கும்போது, மூன்றாண்டு நிதி முடிந்ததும் கருவிகளை மூட்டை கட்டுவதுதான் வழக்கம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அனுமதி வழங்கும் அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்ட கூட்டு ஆய்வுகளுக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. விலக்கு இருக்கட்டும், ஆனால் மீனும் உழைப்பும் கொடுத்த ஊருக்கு, ஆய்வு முடிவதற்குள், தமிழில், நேரில் வந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள். முடிவு எங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வலையின் கண் சிறுத்ததும், குஞ்சு மீனை வாரியதும் மடவை குறைந்ததற்குக் காரணம் என்றால், அதையும் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் சொல்லுங்கள். கேட்டுக்கொள்ளும் மனப்பக்குவம் எங்கள் மக்களுக்கு உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் துறைமுகத்து நிழலில் உட்கார்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருப்பார்கள். கத்திரியும் அப்போதுதான் வரும். விடியற்காலை நான்கு மணிக்கு அண்ணன் மகன் உங்களை ஆற்றுக்கு அழைத்துப் போவான். வெயில் ஏறியதும் அந்த நிழலுக்கு வந்து, கண்டதை அங்கே எல்லாருக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கடலூர் முதுநகர்.