அம்மாதான் கையெழுத்துக் கேட்கிறாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் முன்னேற்றத்துக்குப் பெண்களே முட்டுக்கட்டையா என்று உங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தில் மாமியார், மருமகள், உடை, டிவி சீரியல் எல்லாம் வந்துவிட்டன. சொத்துப் பேச்சைக் காணோம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இந்தக் கேள்வியைப் பத்திர ஆபீஸ் வாசலில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு என்பது 1956 முதலே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்திய திருத்தத்தில் அந்தப் பேதமும் போனது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்து, வேண்டியதில்லை என்றது. 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது.

பிறகு எங்கே இடிக்கிறது? அப்பாவின் காரியம் முடிந்து வாரிசுச் சான்றிதழ் எடுத்தால் மகள் பெயரும் அதில் வந்தாக வேண்டும். நிலம் அண்ணன் தம்பி பெயருக்கு மட்டும் போக வேண்டுமென்றால் அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்பது பெரும்பாலும் அண்ணன் இல்லை, அம்மா. “ஏட்டி, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவன்தான வந்து நிக்கணும்? பொங்கப்படி வர வேண்டாமா?” ஏற்கெனவே எழுதிக் கொடுத்த அக்கா, “நான் போடலியா?” என்பாள். மதினி வாய் திறக்கவே மாட்டாள், தங்கச்சி தயங்கினால் மட்டும், “கல்யாணத்துக்குப் போட்ட பவுனெல்லாம் கணக்குல வராதோ?” என்று ஒரு வார்த்தை விழும். ஆண் குரல் எழும்பாமலே காரியம் முடிந்துவிடும்.

அப்பா சம்பாதித்த நாலு ஏக்கர் வயல். அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் ஆளுக்கு ஒரு ஏக்கர். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆற்றுப் பாசன வயல் ஒரு ஏக்கரை விட்டுக்கொடுத்தவளுக்குத் தை மாதம் பொங்கப்படி என்று பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, ஒரு சேலை வரும். அண்ணன் காலத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோவதே வழக்கம்.

ஆகப் பெண்களும் இதற்குத் துணைபோகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பெண்புத்தி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மா கடைசிவரை சாப்பிடப்போவது மகன் வீட்டில். அவளே அதே பத்திரத்தில் தன் பங்கையும் எழுதிக் கொடுத்திருப்பாள். அதைக் கவனிப்பவர்கள் குறைவு. மதினியோ பிறந்த வீட்டில் தன் பங்கை விட்டுவிட்டு வந்தவள். அங்கே போனதை இங்கே விடக்கூடாது என்று நிற்கிறாள். நிலம் இரண்டு வீட்டிலும் ஆண் பெயரில். சண்டைக்காரி என்ற பெயர் மட்டும் பெண்களுக்கு.

படிப்பு இதை மாற்றவில்லை என்பதுதான் எரிச்சல். பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. டீச்சரும் நர்சும்கூட “அண்ணனப் பகைச்சுக்க முடியாது” என்று வந்து கைரேகை வைக்கிறார்கள். கிறிஸ்தவப் பெண்களுக்கு 1925 வாரிசுரிமைச் சட்டத்திலேயே ஆணுக்குச் சமமான பங்கு. அவர்கள் வீட்டிலும் இதே கதைதான்.

கையெழுத்துக் கேட்கப்படும் பெண்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் ‘பங்கு வேண்டாம்’ என்று அவர் இருக்கும்போதே வாங்கும் எழுத்து, இன்னும் வராத உரிமையைப் பற்றியது, பொதுவாகச் செல்லாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதினால் சிக்கல். விடுதலைப் பத்திரத்தில் ‘ரொக்கம் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருக்கும். பெறவில்லை என்றால் அந்த வரியோடு கையெழுத்துப் போடக் கூடாது. பதிவான பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்றால் சிவில் கோர்ட்தான், அதுவும் விவரம் தெரிந்த 3 ஆண்டுக்குள். பங்கு பிரித்தால் செலவு என்று சாக்குச் சொல்வதும் நிற்காது: குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு உள்ள 1 சதவீத முத்திரைக் கட்டணச் சலுகை, குடும்பப் பாகப்பிரிவினைக்கும் உண்டு.

பகை வேண்டாம் என்பவர்கள் எதையும் எழுதிக் கொடுக்காமல், கூட்டுப் பட்டாவில் பெயரைச் சேர்த்துவிட்டு, அண்ணனே குத்தகைக்குப் பயிர் வைக்கட்டும் என்று விடலாம். ஆண்டுக்கு ஒரு முறை சர்வே எண்ணைப் போட்டுப் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் சீந்துவாரில்லாமல் கிடந்த புஞ்சைக்குக் காற்றாலை வந்ததும் விலை ஏறியது. வாங்குபவரின் வக்கீல் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும் என்பார். அப்போது தங்கச்சியை அழைத்துவரக் கார் போகும்.

அம்மாக்கள் தங்கள் பங்கைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளட்டும். மகனுக்கு எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். அப்படி எழுதியிருந்து மகன் கைவிட்டால், 60 வயதானவர்கள் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரம் எழுதுபவர்கள் இந்த வரியைத் தாமாகச் சேர்க்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்