சிக்னல் போனால் நிற்காத என்ஜின்: ரிசீவரை மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ரயில் என்ஜின் ஓட்டுநர், மயிலாடுதுறை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: தோட்ட ரயில் என்ஜினின் ரிமோட் கோளாறு தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

கொல்லையில் தண்டவாளம் போட்டு ஓட்ட உங்களிடம் வாங்கிய சிறிய பேட்டரி ரயில் என்ஜினும் ரிமோட்டும் கோடை முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடின. நான் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகல ரயில் பாதையில், வேலை பார்த்தவன். நிஜத்தை 22.5-ல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:22.5 அளவில் 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் மீட்டர் கேஜுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பதால்தான், விலையைப் பார்க்காமல் உங்கள் என்ஜினை வாங்கினேன். ஐப்பசி அடைமழை பிடித்ததும் தகராறு ஆரம்பித்தது. கொல்லையில் திடீர் திடீரென்று ரிமோட் சொல்வதை என்ஜின் கேட்பதில்லை. உங்கள் சர்வீஸ் ஆட்களிடம் போனில் பேசிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

முதலில் சொன்னது: தண்டவாளத்தில் களிம்பு ஏறியிருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பித்தளை மழையில் களிம்பேறும், உண்மைதான். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் என்ஜின் என்றால் அதனால் தடுமாறும். நீங்கள் எனக்கு விற்றதோ வயிற்றுக்குள் லித்தியம் பேட்டரி வைத்த என்ஜின். அதற்குத் தண்டவாளம் உருள மட்டும்தான். மூங்கிலில் தண்டவாளம் போட்டாலும் ஓடும். என்ன பொருளை விற்றோம் என்று பார்க்காமலே சொன்ன பதில் இது.

அடுத்தது: மழை அலையைத் தடுக்கும், மழை விட்டபின் ஓட்டுங்கள். டெல்டாவில் மழை விட்டபின் என்றால் தை பிறக்க வேண்டும். அது கிடக்கட்டும். உங்கள் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்த அலைவரிசையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மழை பெய்தாலும் சொல்லும்படியாக எதுவும் குறையாது. என் கொல்லையோ ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. நனைந்த மரம் செடி வேறு விஷயம். வாழையே பாதிக்கு மேல் தண்ணீர். தரையோடு ஒட்டி ஓடும் என்ஜினுக்கு முன்னால் சொட்டச் சொட்ட நனைந்த வாழைக்கட்டை நின்றால் சிக்னல் குறையத்தான் செய்யும். அதனால் வாழை மறைக்காத நேர்ப்பாதையில் ரிமோட்டை உயர்த்திப் பிடித்தும் பார்த்தேன். அங்கேயும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. வெயில் அடித்த மத்தியானத்திலும் அதே கதை. ஆனால் மூடியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெரிய டப்பாவில் ராத்திரி முழுக்க அடைத்து வைத்து எடுத்தால், காலையில் சொன்னபடி கேட்கிறது. அப்படியானால் கோளாறு வானத்திலா இருக்கிறது, உங்கள் என்ஜினுக்குள்ளா?

பேட்டரி மாற்ற நீங்களே வைத்திருக்கும் மூடிதான் அது. திறந்தபோது கூரையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பலகையில் ஈரம் தாக்காமல் இருக்கப் பூசும் பூச்சு எதுவும் இல்லை. ஒயர் செருகும் பின்களில் பச்சை பூத்திருக்கிறது. ஆன்டெனா ஒயரின் நுனியில் மேலுறை நீக்கிய 3 சென்டிமீட்டர்தான் அலையைப் பிடிக்கும் பகுதி. அதை மடித்து, எடைக்கு வைத்த ஈயக்கட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவில் செருகியிருக்கிறார்கள். காய்ந்த நாளில் எப்படியோ ஒப்பேற்றியிருக்கிறது, ஈரம் சேர்ந்ததும் படுத்துவிட்டது. பெட்டியில் ‘எல்லாப் பருவத்திலும் வெளியில் ஓட்டலாம்’ என்று அச்சிட்டிருப்பது இந்த என்ஜினைப் பற்றித்தானா?

இதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, சிக்னல் அறுந்த பிறகும் என்ஜின் நிற்காததுதான். கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றடி வளைவில் தண்டவாளத்தில் விழுந்த முருங்கைக் கிளையை எடுக்க என் பேரன் குனிந்திருந்தான். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்த அழுத்த, என்ஜின் அது பாட்டுக்கு வந்து அவன் விரலில் ஏறியது. நகம் கறுத்துவிட்டது. நல்லவேளை, அதோடு போயிற்று.

மீட்டர் கேஜ் வண்டிகளில், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைத்தால்தான் சக்கரத்தை விடும் வேக்குவம் பிரேக் இருந்தது. வழியில் பெட்டி கழன்று குழாய் அறுந்தால், டிரைவர் கை வைக்காமலே பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓடுவதற்குத்தான் வேக்குவம் வேண்டும், நிற்பதற்கு அல்ல. பொம்மை விமானம், பொம்மைக் கார் ரிசீவர்களில்கூட சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு சர்வசாதாரணம். இவ்வளவு கனமான என்ஜினில் அதை ஏன் விட்டீர்கள்? இதைக் கேட்டபோதுதான் உங்கள் மூன்றாவது பதில் வந்தது: தண்ணீர் பட்ட பொருளுக்கு வாரண்டி கிடையாது. நான் அதைக் குளத்தில் போடவில்லை. மழையில் ஓடும் என்று சொல்லி விற்றீர்கள், மழையில் ஓட்டினேன்.

எனக்கு வேண்டியது இதுதான். ஈரம் தாக்காத பூச்சும், சிக்னல் போனால் உடனே நிறுத்தும் வசதியும் உள்ள ரிசீவரை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். ஆன்டெனாவை உலோகத்தை விட்டு விலக்கி, கூரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். முடியாதென்றால் என்ஜினைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அதோடு இதே என்ஜினை வாங்கிய மற்றவர்களுக்கும், குழந்தைகளைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விட வேண்டாம் என்று நீங்களே தெரிவியுங்கள். இதில் பேரம் கிடையாது.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால் எனக்கு அலைச்சல் இல்லை, உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், வாரண்டி அட்டை நகல், ரிசீவர் மற்றும் ஆன்டெனாவின் புகைப்படங்கள்.