திரையில் பேசவும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் பொதுமுடக்கம் தொடங்கியபின், டர்பனில் நம் கோயில் மண்டபங்களில் நடந்துவந்த தமிழ்ப் பேச்சுப் போட்டிகளும் சமயச் சொற்பொழிவுகளும் ஜூமுக்கு மாறின. அவற்றுள் சில இன்றும் அங்கேயே தொடர்கின்றன. ஆனால், பிள்ளைகளை மேடைக்குப் பழக்கும் நாம் திரைக்குப் பழக்குவதில்லை என்பதே என் வருத்தம்.

அண்மையில் ஒரு சிறுமி திருக்குறளைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்ததால் அவள் முகம் இருண்டு தெரிந்தது. திரையில் இருந்த நடுவர்களின் முகங்களையே பார்த்ததால், எங்களுக்கோ அவள் குனிந்து பேசுவதுபோல் தோன்றியது. தெளிவான உச்சரிப்பு, ழகரம் ஒருமுறைகூடப் பிசகவில்லை. விளக்கை முகத்துக்கு எதிரே வைத்து, கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அதையே நோக்கிப் பேசு என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். கேட்போர் அனைவரும் தங்கள் மைக்கை அணைத்திருக்கும்போது சிரிப்போ கைதட்டலோ பேச்சாளரை வந்தடைவதில்லை. ஆகவே மணிக்கணக்கில் தொடராமல், இடையிடையே ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்பது நல்லது. தேவாரம் பாடுவோர், செயலியில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அது சுருதிப்பெட்டியின் ஒலியையும் இரைச்சலாகக் கொண்டு விழுங்கிவிடும்.

போட்டி நடத்துவோர் முந்தைய நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறிது நேரம் ஒத்திகை அளித்து, ஒளியையும் ஒலியையும் சரிபார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்