கல்வியும் தேர்தலும் ஒரே விவாதம்தான், கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். கல்வி அமைச்சகத்தின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்காக நீ வாரக்கணக்கில் திரட்டிக் கொடுத்த குறிப்புகளில் பாதியைக்கூட உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரால் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தாய். கட்சிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் மணி அடித்து உட்காரச் சொல்லிவிட்டார்களாம். "இப்படிப் பேசி என்னம்மா ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கோபால கிருஷ்ண கோகலேயைப் பள்ளிப் பாடத்தில் காந்தியின் குரு என்று ஒரு வரியில் படித்திருப்பாய். அவர் சட்டசபையில் செய்த வேலையைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர் அவர். 1902 முதல் வைஸ்ராயின் சட்டசபையில் இருந்தார். 1910 மார்ச்சில், தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பரிசீலிக்கிறோம் என்று அரசு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டில் இந்திய அரசில் கல்விக்கெனத் தனித் துறை உருவானது. ஆனால் கட்டாயக் கல்வி வரவில்லை. எனவே 1911 மார்ச்சில் தாமே ஒரு மசோதாவை அறிமுகப்படுத்தினார்.

அந்த மசோதா கேட்டது எவ்வளவு கொஞ்சம் என்று பார். 6 வயது முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு மட்டும் கட்டாயம். பெண் குழந்தைகளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். விரும்பிய உள்ளாட்சி அமைப்பு மட்டும், ஏற்கெனவே போதிய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பகுதியில் மட்டும், அரசின் அனுமதியோடு நடைமுறைப்படுத்தலாம். மாத வருமானம் 10 ரூபாய்க்கும் குறைவான பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இவ்வளவுதான். இங்கிலாந்து என்ன செய்தது, ஜப்பான் என்ன செய்தது, நம் மண்ணிலேயே பரோடா சமஸ்தானம் 1906இல் எப்படிச் சாதித்தது என்று புள்ளிவிவரங்களை அடுக்கிக் காட்டினார். மாளவியாவும் ஜின்னாவும் ஆதரித்தார்கள். 1912 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது. மசோதாவை ஆராய உறுப்பினர்கள் சிலர் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்பலாம் என்றவர்கள் 13 பேர், வேண்டாம் என்றவர்கள் 38 பேர்.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் அன்று அவர் பேசினார். பொழுது சாய்வதற்குள் இந்த மசோதா தூக்கியெறியப்படும், அதற்காக நான் சோர்ந்துபோகவில்லை என்றார். எங்கள் தலைமுறை தன் தோல்விகளால்தான் நாட்டுக்குத் தொண்டு செய்ய முடியும், வெற்றிகளால் தொண்டு செய்யும் ஆண்களும் பெண்களும் பின்னால் வருவார்கள் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் அவைக்குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பைத்தான் நீ வேலை செய்யும் ஊரில் நூலகத்தில் உட்கார்ந்து எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அவர் ஏன் தோற்றார் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தச் சபையில் அரசு அதிகாரிகளே பெரும்பான்மை, அவர்கள் மேலிடத்தின் சொல்படி வாக்களிப்பவர்கள். மற்றவர்களிலும் பலர் நிலக்கிழார்களின் பிரதிநிதிகள், நியமனம் பெற்றவர்கள். கோகலேயே பம்பாய் சட்டசபையின் அதிகாரிகளல்லாத உறுப்பினர்கள் சிலரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான். எந்த ஏழைப் பிள்ளைக்காக மசோதா வந்ததோ அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு வாக்கில்லை. காலம் இன்னும் கனியவில்லை என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போக முடிந்தது அதனால்தான். மறுபடி அவன் வாசலில் போய் நிற்க வேண்டிய கட்டாயம் அந்த 38 பேரில் யாருக்கும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வாக்குரிமை எதற்கு என்ற கேள்வியும் இதே குரலில்தான் எழுந்தது. அதற்கு அரசியல் நிர்ணய சபை சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். மக்களில் பெரும்பாலோர் எழுத்தறிவு இல்லாதவர்கள் என்று தெரிந்தும், சாமானிய மனிதன்மேல் நிறைந்த நம்பிக்கை வைத்து வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியிருக்கிறோம் என்று அதன் உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1949 நவம்பரில் எடுத்துச் சொன்னார். 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அந்த நாட்டில் 17 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாக்காளர் ஆனார்கள். முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்ல மறுத்ததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள் என்பதையும் மறந்துவிடாதே. பெயரைச் சொல்லப் பழக்குவதும் பள்ளிக்கூடத்தின் வேலைதானே.

ஆனால் கல்வி உரிமைக்கு அதே நம்பிக்கை கிடைக்கவில்லை. வரைவில் இருந்த உரிமை என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, அரசு முயல வேண்டும் என்ற நெறிமுறையாக மாற்றினார்கள். தொடக்கக் கல்வி போதும் என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது அம்பேத்கர் விடவில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தொழிற்சாலையில் சேர்க்கக் கூடாது என்று இன்னொரு பிரிவில் சொல்லியிருக்கிறோம், அப்படியானால் 14 வயது வரை அந்தப் பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டும் என்றார். சில வாக்கியங்கள்தான். அந்த 14 இன்றுவரை சட்டத்தில் நிற்கிறது. இப்படிப் பேசி என்ன ஆகும் என்று கேட்டாயே, இது ஆகும்.

1950இல் வாக்குரிமை வந்தது. பள்ளிக்கூடம் அடிப்படை உரிமையாகச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1ஆம் தேதி. இடையில் 60 ஆண்டுகள்! முதலில் படிக்கட்டும், பிறகு வாக்களிக்கட்டும் என்று அன்றே முடிவு செய்திருந்தால் இரண்டுமே வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். வாக்கு கேட்டு வர வேண்டியிருந்ததால்தான் ஊருக்கு ஊர் பள்ளி வந்தது, சோறும் வந்தது.

கல்வியும் தேர்தலும் வேறு வேறு துறை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் 42ஆவது திருத்தத்தை எடுத்துக் காட்டு. நெருக்கடி நிலையில், 1976இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது நிறைவேறியது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியதும் அதுதான், மக்களவை இடங்களின் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்ததும் அதுதான், மக்களவையின் ஆயுளை ஆறு ஆண்டாக நீட்டியதும் அதுதான். கடைசியாகச் சொன்னதை 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் மாற்றியது. கல்வி இன்னும் பொதுப் பட்டியலிலேயே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். தேர்தல் சீர்திருத்தம் பற்றிப் பேச உங்கள் உறுப்பினருக்கு அடுத்த முறை நேரம் கிடைத்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவைப் பேசச் சொல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறெதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அது. தேர்தல் பணியையும் விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொல்லியிருக்கிறது. நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவள். அந்தப் பணியைப் பெருமையாகத்தான் செய்தேன். ஆனால் வாக்காளர் பட்டியலைத் திருத்துவது ஒரு நாள் வேலையில்லை, ஆசிரியர் வீடு வீடாக அலையும்போது ஈராசிரியர் பள்ளியில் பாதி வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் கிடக்கின்றன. ஏழைப் பிள்ளையின் பாட நேரத்தை எடுத்து அவன் பெற்றோரின் பெயரைப் பட்டியலில் சேர்க்கும் நிலை வரக் கூடாது. இரண்டும் அவர்களுக்கு உரியவை.

பேச்சில் இது நான்கு வரிக்குள் அடங்கும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி அனுப்பு: ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து வாக்காளர் பட்டியல் பணிக்கு எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், எத்தனை பாட நாட்கள் போயின, மாநில வாரியாக. 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பது உனக்கே தெரியும். அவையில் வாய்மொழியாகப் பதில் தரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக வந்தால் துணைக் கேள்வி கேட்கலாம். குலுக்கலில் விழாவிட்டால் எழுத்துமூலப் பதிலுக்காவது விடாமல் முயற்சி செய். தகவல் திரட்டப்படுகிறது என்று பதில் வந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பதிலைச் சுட்டிக்காட்டி மறுபடி கேள். பதிலின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் காட்ட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கூட்டத்தொடர் நாட்களில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா