மாலகைட் எரிமலையில் பிறப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் மாலகைட் என்ற பச்சைக் கல்லைப் பற்றி வந்த கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் 'பூமியின் ஆழத்தில் எரிமலைச் சூட்டில் உருகி உருவானது' என்று போட்டிருப்பதுதான் இடிக்கிறது. உருகுவதாவது! அந்தக் கல்லைச் சூடாக்கினால் உருகுவதற்கு வெகு முன்பே நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, கறுப்புத் தூள்தான் மிஞ்சும்.

செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட் மாதிரித் தாதுக்கள் ஆழத்தில் உருவாவதில் சூட்டுக்குப் பங்கு உண்டு, சரி. அப்புறம் மேலே கிடக்கும் பாறை காலப்போக்கில் அரிபட்டுப் போய், அந்தத் தாது நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், மழைநீரும் அதோடு இறங்கும் ஆக்சிஜனும் அதைத் தின்ன ஆரம்பிக்கும். அமிலமாகிப்போன தண்ணீர் செம்பைக் கரைத்துக்கொண்டு விரிசல் விரிசலாக இறங்கி, வழியில் சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டால் அங்கே அமிலம் முறிந்து, செம்பு கார்பனேட்டோடு கூடிப் பச்சையாகப் படிந்துவிடும். அதுதான் மாலகைட், எடையில் 57 சதவீதம் செம்புதான். பக்கத்திலேயே அசுரைட் என்ற நீலக் கல்லும் இருக்கும், அதுவும் செம்பு கார்பனேட்டே. நாளடைவில் அது மாலகைட்டாக மாறுவதும் உண்டு, நீலப் படிகத்தின் வடிவம் அப்படியே இருக்க நிறம் மட்டும் பச்சையாகியிருக்கும்.

பாறைப் பொந்துகளில் மாலகைட் திராட்சைக் குலை போல உருண்டு திரண்டு ஒட்டியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை, அறுத்து மெருகேற்றினால்தான் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாக வளையங்கள் தெரியும். ஒரு படிவின் மேல் இன்னொன்றாகத் தண்ணீர் விட்டுப்போனவை அவை, அதனால் அகலம் ஒரே சீராக இருக்காது. (உங்கள் மூன்றாவது படத்தில் கோடுகள் அளந்து வைத்தாற்போல் இருக்கின்றன. பிளாஸ்டிக்காக இருக்குமோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.)

இன்னொன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் மாலகைட் அறைத் தூண்கள் ஒரே கல்லில் குடைந்தவை அல்ல. 1837 தீ விபத்துக்குப் பிறகு அமைத்த அந்த அறைக்கு, யூரல் மலைக் கல்லைச் சில மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து, வளையம் வளையத்தோடு பொருந்தும்படி ஒட்டியிருக்கிறார்கள். இணைப்பு கண்ணுக்கே தெரியாத அந்த வேலையைப் பற்றித்தான் நீங்கள் ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும். திருத்தம் போடும்போது அதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்